போலீஸ், தீயணைப்பு, 108: ஐயம்பேட்டைக்காரர் யாரிடம் கேட்பது?

தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரைக் கேட்பீர்கள்? ஊராட்சித் தலைவரை. குடிநீர் வரவில்லை என்றாலும் அவரைத்தான். சரி, ராத்திரி ரோந்து போலீஸ் ஒரு மாதமாக உங்கள் தெருப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, 108 வண்டி வர ரொம்ப நேரம் ஆகிவிட்டது, இதற்கெல்லாம் யாரைக் கேட்பீர்கள்? இங்கேயும் பலர் தலைவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறார்கள். அவரும் "பேசிப் பார்க்கிறேங்க"ன்னு சொல்லி அனுப்புவார். அதற்கு மேல் உத்தரவு போட அவருக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஐயம்பேட்டை ஊராட்சி என்பதால் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சி ஆகி, மேயரும் வந்துவிட்டார். அவராலும் ஒரு இன்ஸ்பெக்டரை மாற்ற முடியாது. சென்னை மேயர் நிலையும் அதேதான். அமெரிக்காவில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் விசாரித்துப் பாருங்கள். நியூயார்க் மேயர்தான் அந்த நகரத்தின் போலீஸ் கமிஷனரையும் தீயணைப்புக் கமிஷனரையும் நியமிக்கிறார். லண்டன் காவல்துறையை மேற்பார்வை பார்க்க மேயரிடமே ஓர் அலுவலகம் இருக்கிறது. நம் அரசியலமைப்பில் காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். தீயணைப்பு கொஞ்சம் வேறு மாதிரி. 1992இல் வந்த 74வது திருத்தம், நகராட்சிகளுக்கு மாநிலம் கொடுக்கக்கூடிய 18 பணிகளில் தீயணைப்பையும் ஒன்றாகச் சேர்த்தது. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் தனித் துறை. 1985ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிச் சட்டப்படி நடக்கிறது. கிராம ஊராட்சிகளுக்கான 29 பொருள்களின் பட்டியலில் தீயணைப்பு என்ற சொல்லே கிடையாது.

ஆக, உங்கள் ஊருக்கு வரும் மூன்று வண்டிகளும் மூன்று தனித்தனிக் கோடுகளில் மேலே போகின்றன. காவல் நிலையத்திலிருந்து துணைக் கண்காணிப்பாளர், அவருக்கு மேல் மாவட்டக் கண்காணிப்பாளர், அதாவது எஸ்.பி., பிறகு டி.ஐ.ஜி., ஐ.ஜி., டி.ஜி.பி., கடைசியில் உள்துறை. தீயணைப்பு நிலைய அலுவலருக்கு மேல் மாவட்ட அலுவலர், அவருக்கு மேல் துறை இயக்குநர், முடிவில் அதே உள்துறை. 108 மட்டும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் பக்கம். 2008இல் தொடங்கிய இந்தச் சேவையை அரசின் ஒப்பந்தத்தில் ஒரு தனி நிறுவனம் நடத்துகிறது, துறை மேற்பார்வை செய்கிறது. புகார் தப்பான கோட்டில் ஏறினால் சுற்றிச் சுற்றி உங்களிடமே திரும்பி வரும். சரியான கோட்டில் ஏறினாலும் கையில் ஒரு எண் இல்லாவிட்டால் பாதி வழியில் காணாமல் போய்விடும். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் அழைப்பு. 108 கட்டுப்பாட்டு அறை இருப்பது சென்னையில். அங்கே இருப்பவருக்கு "ஐயம்பேட்டை" என்றால் தஞ்சாவூர் மாவட்டத்து ஐயம்பேட்டையும் ஞாபகம் வரலாம். பக்கத்து ஊர் முத்தியால்பேட்டைக்கும் சென்னையிலும் புதுச்சேரியிலும் அதே பெயரில் இடங்கள் உண்டு. பிள்ளையார் கோயில் தெரு இல்லாத ஊர் ஏது? அதனால் பேசத் தொடங்கும்போதே மாவட்டத்தைச் சொல்லுங்கள்: "காஞ்சிபுரம் மாவட்டம், வாலாஜாபாத் பக்கம், ஐயம்பேட்டை." பிறகு தெரு, பிறகு ஒரு அடையாளம். போனில் லொகேஷனை ஆன் செய்து வையுங்கள். 112 என்பது நாடு முழுவதற்குமான அவசர எண். "காவல் உதவி" செயலியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். செயலியை இறக்கி, பதிவு செய்து, ஒரு தடவை திறந்து பார்த்து வையுங்கள். ஆபத்து வந்த பிறகு ஓடிபி-க்காகக் காத்திருக்க முடியாது.

எல்லாம் முடிந்து மூச்சு விட்டதும், போனில் அழைப்புப் பட்டியலைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்பது அதில் இருக்கும். வண்டி வந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். "ரொம்ப லேட்டா வந்தாங்க" என்ற புகாருக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "இரவு 11.42க்கு அழைத்தேன், 12.30க்கு வந்தது" என்று எழுதினால், அவர்களுடைய பதிவேட்டை எடுத்துப் பார்த்துத்தான் பதில் எழுத முடியும்.

போலீஸில் எண் என்றால் இரண்டு வகை. நீங்கள் கொடுக்கும் மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது. குற்றம் என்று வழக்குப் பதிந்தால் எஃப்.ஐ.ஆர். "போங்க, கூப்பிட்டு அனுப்புறோம்" என்று சொன்னால் மரியாதையாகவே சொல்லுங்கள்: "சார், சி.எஸ்.ஆர். ரசீது கொடுங்க, வாங்கிட்டுப் போறேன்." அந்த எண் இருந்தால் மனுவின் நிலையைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சில வசதிகளைச் செய்திருக்கிறது. எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் அனுப்பலாம், ஆனால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் விவரத்தை எழுத்தில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. பலருக்கும் தெரியாத விதி இது. கேட்டால்தான் நினைவு வரும்.

எஸ்.பி. அலுவலகத்தில் புதன்கிழமைகளில் மனு வாங்குகிறார்கள். பட்டுக்கூலித் தகராறோ நிலத் தகராறோ, நிலையத்தில் நகராத மனுவை அங்கே கொண்டுபோகலாம். போகும்போது சி.எஸ்.ஆர். நகலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் கையோடு போனால் மனு மறுபடியும் அதே நிலையத்துக்கே விசாரணைக்கு வரும்.

புகாரே போலீஸ்காரர் மேல் என்றால்? காவல் நிலையங்களில் சிசிடிவி கட்டாயம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைக் கண்காணிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் குழுக்கள் வேண்டும் என்றும், கேமரா இருப்பதை வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் அந்தப் பதிவைப் பத்திரப்படுத்தி வைக்கும்படி கேட்கலாம். ஆனால் பதிவு என்றென்றைக்கும் இருக்காது, பழையது அழிந்துகொண்டே போகும். அதனால் தேதி, நேரம் குறிப்பிட்டு உடனே எழுத்தில் கேளுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நம் மாநிலத்தின் 2013ஆம் ஆண்டு காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம் போலீஸ் மீதான புகார்களுக்கு ஓர் ஆணையத்தை ஏற்படுத்தி, மாவட்ட அளவில் ஆட்சியரைத் தலைவராக வைத்தது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையை. என்னைக் கேட்டால், போலீஸோடு தினமும் சேர்ந்து வேலை பார்க்காத ஒருவர் விசாரித்தால்தான் மனு கொடுப்பவருக்குத் தெம்பு வரும்.

தீ விஷயத்தில் நெசவுக் குடும்பம் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தறியில் ஏறியிருக்கும் பட்டும் ஜரிகையும் பெரும்பாலும் உங்கள் சொந்தமில்லை. சங்கம் கொடுத்தது, இல்லை முதலாளி கொடுத்தது. ஒரு பாவுக்கு மூன்று சேலை என்று வைத்துக்கொண்டால், மேலே ஒரு ஒயர் பற்றியதில் மூன்று சேலையின் சரக்கும் போய், கடன் உங்கள் தலையில் நிற்கும். பட்டு சட்டென்று கொழுந்துவிட்டு எரியாதுதான். ஆனால் புகையும் தண்ணீரும் பட்ட பாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தறிக்கோ வீட்டுக்கோ காப்பீடு இருந்தால், பணம் கேட்கும்போது தீயணைப்புத் துறையின் தீ விபத்து அறிக்கையைக் கேட்பார்கள். "நாங்களே தண்ணி ஊத்தி அணைச்சிட்டோம்" என்று நிலையத்துக்குச் சொல்லாமலே விட்டால் அந்த அறிக்கையைப் பிறகு வாங்குவது பெரும்பாடு. அணைந்த பிறகானாலும் தகவல் கொடுத்துவிடுங்கள். தீயணைக்க வண்டி வருவதற்குக் கட்டணம் கிடையாது, அந்தப் பயம் வேண்டாம்.

வண்டி உள்ளே வர வேண்டுமே! இங்கேதான் ஊராட்சி வருகிறது. தீயணைப்பு நிலையம் ஊராட்சிக்குக் கட்டுப்படாது, ஆனால் தெரு ஊராட்சியுடையது. தெருவை மறித்து நீட்டிய திண்ணை, கூரை, நிறுத்தி வைத்த வண்டி, தாழத் தொங்கும் கேபிள் ஒயர் எல்லாம் தீயணைப்பு வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடும். காலையில் தெருவில் பாவு விரிப்பதைத் தப்பு என்று சொல்லவில்லை, அது தொழில். வண்டிச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் சுருட்டுவது என்று முன்னமே பேசி வைத்திருந்தால் போதும். சாதாரணமாக ஒரு தீயணைப்பு வண்டியில் இருப்பது சுமார் 4,500 லிட்டர். முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்து எங்கே நிரப்புவது? மேல்நிலைத் தொட்டியில் வண்டிக் குழாய் பொருந்தும் இணைப்பு உண்டா, ராத்திரியில் அதன் சாவி யாரிடம் இருக்கும்? இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, பதில் சொல்ல வேண்டியவரும் ஊரிலேயே இருக்கிறார்.

மூன்று கோடுகளும் சந்திக்கும் மேசை ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அமைந்த மாவட்ட ஆணையம் அது. ஆட்சியர் தலைவர், எஸ்.பி.யும் மாவட்டத்தின் தலைமை மருத்துவ அதிகாரியும் உறுப்பினர்கள். உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இணைத் தலைவர். இந்த மேசையின் அருமை காஞ்சிபுரத்துக்காரருக்கு நன்றாகவே தெரியும். 2019 ஜூலையிலும் ஆகஸ்டிலும் அத்திவரதரைப் பார்க்க வந்த கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், குடிநீர், பஸ் எல்லாம் ஒன்றாக ஓட வேண்டியிருந்தது. அப்படியும் ஜூலை 18 அன்று உயிரிழப்பு நேர்ந்தது. கூட்டம் கூடும் ஊரில் தடுப்புக்கட்டை போடுபவரும் ஆம்புலன்ஸ் நிறுத்துபவரும் ஒரே திட்டத்தைப் பார்த்து வேலை செய்கிறார்களா என்பது உயிர்ப் பிரச்சினை. உங்கள் ஊர்த் திருவிழாவுக்கும் அதே கேள்வியைக் கேட்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் அதற்கான இடம். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1077. முதலமைச்சரின் உதவி மையம் 1100. அங்கே கொடுக்கும் மனுவுக்கும் எண் வரும், அதை அழித்துவிடாதீர்கள்.

பதில் வராத இடத்தில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு, ஓர் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், காரணம் தேடி எழுத அவர்களுக்குக் கடமை இல்லை. "இன்ன தேதியில், இன்ன நேரத்தில் இந்த எண்ணிலிருந்து வந்த அழைப்பு குறித்த பதிவேட்டுப் பக்கத்தின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். கூடவே, ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்புகள் தமிழிலேயே இணையத்தில் கிடைக்கின்றன. எங்கெங்கே புது நிலையம் வருகிறது என்று அதில் இருக்கும். நம் ஊர் அதில் இல்லை என்றால் கேட்க வேண்டியது சட்டமன்ற உறுப்பினரை. போலீஸ், தீயணைப்புக்கான பணத்துக்குக் கை தூக்குவது அவர்தான்.

கிராம சபை ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் இரண்டு பொருள்களை எழுதிக் கொடுங்கள். ஒன்று, தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெருக்களின் பட்டியலும் தண்ணீர் நிரப்பும் இடமும். இன்னொன்று, பக்கத்து தீயணைப்பு நிலையத்தார் வந்து ஒரு நாள் ஒத்திகை நடத்தித்தர வேண்டும் என்ற கோரிக்கை. தீர்மானம் நிறைவேறினால் தீர்மான எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, நகலை மாவட்ட தீயணைப்பு அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பிய கடிதத்தை போனில் ஒரு படம் பிடித்து வெச்சுக்கோங்க.