காதைப் பொத்திக்கொண்ட பெண்ணும் ஒரு ராக் பாட்டும்

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் என் தமக்கையின் வீடு இருக்கிறது. சென்ற விடுமுறையில் அங்கே நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம். பொறியியல் படிக்கும் மூத்தவன் ஒலிபெருக்கியில் பழைய ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் போட்டான். பத்தாம் வகுப்பில் படிக்கும் அவன் தங்கை கணக்குப் போட்டுக்கொண்டே தலையை ஆட்டினாள். பத்து விநாடி ஆகியிருக்காது; பென்சிலைப் போட்டுவிட்டு இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டாள். “இவளுக்கு எப்போதும் இதே பிடிவாதம்” என்றாள் என் தமக்கை. குக்கர் விசில், மிக்ஸி, வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தின் ஒலிபெருக்கி, எல்லாவற்றுக்கும் இப்படித்தானாம்.

எது தொந்தரவு செய்தது என்று கேட்டேன். “தம்புரா மாதிரி வருதே, அது நன்னாத்தான் இருக்கு மாமா. அந்தப் பட்சி கத்தறதுதான் கண்ணுக்குள்ள குத்தறது” என்றாள்.

அவள் காது தவறாகச் சொல்லவில்லை. அது பீட்டில்ஸ் குழுவினர் 1966ஆம் ஆண்டில் லண்டனில் பதிவு செய்த ‘டுமாரோ நெவர் நோஸ்’ என்னும் பாட்டு. மனம் வேறோர் உலகில் மிதப்பது போன்ற உணர்வை ஒலியாலேயே உண்டாக்க முயன்ற சைக்கடெலிக் ராக் இசைக்கு முன்னோடிகளுள் ஒன்று. பாட்டின் அடியில் உண்மையாகவே தம்புரா ஒலிக்கிறது. அதன்மேல், ஒலிநாடாத் துண்டுகளை வளையமாக ஒட்டி, வேகத்தை மாற்றி ஓடவிட்டிருக்கிறார்கள். பறவைக் குரல் போலக் கேட்பது, வேகமாக ஓடவிட்ட மனிதச் சிரிப்பு. நாடாவை இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒவ்வோர் அதிர்வெண்ணும் இரு மடங்காகும் அல்லவா?

இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரை நினைவுகூர வேண்டும். 1888இல் பிறந்த சர் சி. வி. ராமனுக்குச் சொந்த ஊர் ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவல். தம்புராவையும் வீணையையும் பற்றி 1921இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கம்பியை நடுவில் மீட்டினால், நடுப்புள்ளியைக் கணுவாகக் கொண்ட இரண்டாம், நான்காம் மேற்சுரங்கள் எழக் கூடாது என்பது பழைய விதி. தம்புராவிலோ அவை தெளிவாகக் கேட்கின்றன. குதிரையின் வளைந்த பரப்பும், கம்பிக்கடியில் செருகும் நூலும்தாம் இதற்குக் காரணம் என்று ராமன் விளக்கினார். ஆக, தம்புரா மேற்சுரங்கள் நிரம்பிய, மிகச் ‘செழிப்பான’ ஒலி. அந்தச் செழிப்பு இந்தப் பெண்ணுக்குத் துன்பம் தரவில்லை. பின் எது தந்தது?

கைப்பேசியில் ஒலியளக்கும் செயலி ஒன்றை வைத்துப் பார்த்தோம். (இவை துல்லியமான கருவிகள் அல்ல, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.) பறவைக் குரல் நுழைந்தபோது அளவு மூன்று டெசிபெல்தான் கூடியது. அதாவது ஒலிச்செறிவு இரு மடங்கு. பெரும்பாலோர் காதுக்கு இது சிறு மாற்றமே. ஆனால் இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, காதுக்குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். அதன் ஒத்ததிர்வு அதிர்வெண், 340ஐ (4 × 0.025) ஆல் வகுத்தால், 3400 ஹெர்ட்ஸ். கிறீச்சென்ற ஒலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி இதை ஒட்டித்தான் இருக்கிறது. அவற்றை நம் காதே பெருக்கி உள்ளே அனுப்புகிறது. இரண்டாவது, தம்புரா சீராக ஒலிப்பது. அடுத்த விநாடி எப்படி இருக்கும் என்று மூளைக்குத் தெரியும். பறவைக் குரல் சொல்லாமல் வருகிறது.

அந்தப் பாட்டில் வேறு விந்தைகளும் உண்டு. கித்தாரைப் பதிவு செய்து நாடாவைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். மீட்டிய ஒலி சட்டென எழுந்து மெல்லத் தேய்வதுதான் இயற்கை. இங்கே மெல்ல வீங்கிச் சட்டென அறுபடுகிறது. பிற்பகுதியில் பாடகரின் குரல் சுழலும் ஒலிபெருக்கி வழியே வருகிறது. அதன் கூம்பின் வாய் 20 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் நிமிடத்துக்கு 400 முறை சுற்றுவதாகக் கொண்டால், வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 8.4 மீட்டர். டாப்ளர் விளைவால் சுரம் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு ஏறி இறங்கும். பலருக்கு இது மயக்கும் இன்பம், சிலருக்குத் தலைசுற்றல்.

அந்தச் சிலருக்குக் ‘கூர்மையான காது’ என்று நினைப்பது தவறு. என் மருமகளைச் செவிச் சோதனைக்கு அழைத்துச் சென்றார்கள். அவள் கேட்கும் மிகச் சிறிய ஒலி மற்றவர்களுடையதைப் போலத்தான் இருந்தது. தாங்கமுடியாத எல்லைதான் மிகவும் தாழ்ந்திருந்தது. ஒலிபெருக்கிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள்: ஒலிவாங்கி ஒன்றே, பெருக்கத்தின் குமிழை மட்டும் யாரோ திருகிவிட்டார்கள். நரம்பு மண்டலத்தில் அவ்வாறு பெருக்கம் கூடுவதே காரணமாகலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கும் இத்தகைய நுண்ணுணர்வு உண்டு. 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே சேர்த்தது. ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் இது வருவதுண்டு.

எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆயினும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்குமுன் என் வகுப்பில் ஒரு மாணவன் மணி அடிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வான். கேலி செய்கிறான் என்றெண்ணி அவனை ஒரு மணி நேரம் நிற்க வைத்தேன். டெசிபெல் அளவி காற்றின் அழுத்தத்தை அளக்கும், வலியை அளக்காது என்பது அன்றே எனக்குத் தெரியும். இருந்தும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எப்போதும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டிருப்பதும் நல்லதன்று. ஒலி குறையக் குறைய மூளை பெருக்கத்தைக் கூட்டிவிடக்கூடும் என்று செவி வல்லுநர்கள் எச்சரிக்கிறார்கள். ஏகாதசிக் கூட்டத்துக்குக் காதுறை சரி. வீட்டில் படிக்கும்போது வேண்டாம்.

அன்று மாலை ஒலிபெருக்கியின் குமிழை அவளிடமே கொடுத்தோம். பட்சி எப்போது வரும் என்று அண்ணன் விரலை உயர்த்திக் காட்டினான். அவள் ஒலியைக் குறைத்தாள். மூன்றாம் முறை பாட்டை முழுதும் கேட்டுவிட்டாள். தலைகீழ்க் கித்தார் மிகவும் பிடித்துவிட்டதாம். பட்சி வரும் இடத்தில் மட்டும் இன்னமும் குமிழை இடப்பக்கம் திருப்பிவிடுகிறாள்.