சார்ஜ் ஏறுது... ஃபைல் வரலையே!

(இறுதியாண்டு மின்னணு மற்றும் தொடர்பியல் துறை மாணவனின் அனுபவப் பாடம்)



மலருக்குப் படைப்பு கேட்டு வந்த பேரவைச் செயலாளர், "ஏதாவது கவிதை எழுதிக் கொடுடா" என்றான். எனக்குக் கவிதை வராது. ரெக்கார்டு நோட்டு எழுதவே பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்க்கிற ஆள் நான். ஆனால் இந்த வருஷம் ஒரு சாதாரண யூ.எஸ்.பி. கேபிள் எங்கள் புராஜெக்ட் பேட்ச் நாலு பேரையும் இரண்டு நாள் தூங்க விடாமல் செய்தது. அந்தக் கதையையும், அதில் நான் கற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறேன். நாளைக்கு உங்களுக்கும் உதவும்.

எங்கள் புராஜெக்ட், இருட்டினால் தானாக எரியும் தெருவிளக்கு. 14 ராத்திரி ரீடிங் எடுத்தோம். ரீடிங், போட்டோ, வீடியோ எல்லாம் பேட்ச் நண்பன் ஒருவனின் டேப்லெட்டில் இருந்தது. 2020-ல் ஆன்லைன் வகுப்புக்காக அவன் அப்பா சீட்டுப் பணத்தில் வாங்கிக் கொடுத்த டேப்லெட் அது. ஒரு தடவை மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அதில் வை-ஃபை எடுக்காது. சிம் போடும் வசதியும் கிடையாது, மெமரி கார்டு போடவும் இடமில்லை. ஃபைலை வெளியே எடுக்க ஒரே வழி, கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் இணைப்பதுதான்.

வைவாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது புராஜெக்ட் லேபில் உட்கார்ந்து கேபிளைச் சொருகினோம். சார்ஜ் ஏறியது. கம்ப்யூட்டரில் ஒன்றுமே வரவில்லை. வழக்கமாக வரும் 'டிங்' சத்தம்கூட இல்லை.

"கேபிள் போயிருக்கும்டா" என்று ஒருத்தன் இன்னொரு கேபிள் கொண்டுவந்தான். தினமும் தன் போனை லேப்டாப்பில் இணைக்கிற கேபிள் அது. அதைச் சொருகினோம். அப்போதும் சார்ஜ் ஏறியது, ஃபைல் வரவில்லை.

நாங்கள் உடனே தீர்ப்பு எழுதிவிட்டோம்: "இரண்டு கேபிள்லயும் சார்ஜ் ஏறுது. அப்போ கேபிள் நல்லாத்தான் இருக்கு. டேப்லெட்தான் அவுட்!" நான் அந்த நண்பனைப் பார்த்து, "நீ கீழே போட்டதாலதான்டா இந்த நிலைமை" என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டேன். அவன் பதில் பேசவில்லை.

சாயங்காலம் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனோம். அவர் சொருகிப் பார்க்கக்கூட இல்லை. "கீழ விழுந்ததா? போர்டு பிராப்ளம் தம்பி. ரீசெட் போட்டுப் பார்ப்போம், சரியாகலைன்னா போர்டு மாத்தணும்" என்றார். ரீசெட் போட்டால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். 14 ராத்திரி உழைப்பு! "யோசிச்சுட்டு வர்றோம் அண்ணே" என்று திரும்பி வந்தோம். நல்ல வேளை, வந்தோம்.

மறுநாள் காலையில் எங்கள் லேப் இன்ஸ்ட்ரக்டரிடம் போய் நின்றோம். அவர் டேப்லெட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "முதல்ல, யூ.எஸ்.பி. கேபிளுக்குள்ள எத்தனை வயர்? சொல்லுங்கப்பா" என்றார். மூன்று வருஷம் படித்த நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் அவரே போர்டில் வரைந்து காட்டினார்.

நாலு வயர் கதை

நண்பர்களே, யூ.எஸ்.பி. 1996-ல் வந்தது. 2000-ல் வந்த யூ.எஸ்.பி. 2.0 வரை, கேபிளுக்குள் அடிப்படையாக நாலு வயர்தான். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்டு, பச்சை டி பிளஸ், வெள்ளை டி மைனஸ். இதுதான் வழக்கமான நிறம். மலிவு கேபிள்களில் நிறம் மாறியும் இருக்கும்.

சிவப்பும் கறுப்பும் இருந்தாலே சார்ஜ் ஏறிவிடும். பச்சையும் வெள்ளையும் சேர்ந்தால்தான் டேட்டா போகும். ஆக, சார்ஜ் ஏறுகிறது என்றால் கரண்டு வயர் இரண்டும் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். டேட்டா வயரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. சார்ஜுக்கு என்றே செய்த சில கேபிள்களில் டேட்டா வயரே போடுவதில்லை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்!

கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டேப்லெட்டைச் சொருகியதும், உள்ளே டி பிளஸ் வயரை 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட் பக்கம் இழுக்கிறார்கள். கம்ப்யூட்டர் பக்கம் அதே வயர் 15 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டில் இருக்கிறது. வோல்டேஜ் டிவைடர் கணக்குப் போட்டால், வயர் ஏறக்குறைய 3 வோல்ட்டுக்கு ஏறுவது தெரியும். "யாரோ வந்திருக்காங்க" என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்வது இப்படித்தான். அப்புறம் "நீ யாரு?" என்று கேட்கும். டேப்லெட் தன் கம்பெனி எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்லும். அதற்குத் தகுந்த டிரைவரைக் கம்ப்யூட்டர் தேடும். கடைசியில் ஃபைலைக் காட்ட டேப்லெட் அனுமதிக்க வேண்டும்.

ஆக மொத்தம் 5 படி: கரண்டு, வந்ததை அறிதல், பெயர் கேட்டல், டிரைவர், அனுமதி. எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால் பழுது எங்கே என்று பாதி தெரிந்த மாதிரி.

1. சார்ஜே ஏறவில்லை: கேபிள் முழுக்கப் போயிருக்கலாம், அல்லது சாக்கெட்டில் தூசு அடைத்திருக்கலாம். டேப்லெட்டை ஆஃப் செய்து, மரப் பல்குத்தும் குச்சியால் மெதுவாக எடுக்கவும். ஊக்கு, ஊசி வேண்டாம், பின் வளைந்துவிடும்.

2. சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டரில் சத்தமே இல்லை: பெரும்பாலும் டேட்டா வயர் அல்லது கம்ப்யூட்டர் போர்ட்.

3. 'யூ.எஸ்.பி. டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்று வருகிறது: வந்தது தெரிந்தது, பெயர் கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. லூஸ் கான்டாக்ட், மட்டமான கேபிள் முதலில் பார்க்க வேண்டியவை.

4. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி: வயர் பெரும்பாலும் சரி, டிரைவரைப் பார்க்கவும்.

5. பெயர் வருகிறது, திறந்தால் காலி: டேப்லெட் லாக்கில் இருக்கும், அல்லது 'சார்ஜிங் ஒன்லி'யில் இருக்கும். ஆண்ட்ராய்டில் மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்தெடுக்கவும். ஐபேட் என்றால் 'டிரஸ்ட்' கொடுக்க வேண்டும்.

கேபிள் நீளமும் முக்கியம். மெல்லிய 28 கேஜ் செம்பு வயர் மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். 2 மீட்டர் கேபிளில் கரண்டு போய்த் திரும்ப 4 மீட்டர், அதாவது 0.84 ஓம். 500 மில்லி ஆம்பியர் ஓடினால் 0.42 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். முதல் வருஷம் படித்த ஓம் விதிதான்! இணைப்பு விட்டு விட்டு வந்தால் குட்டைக் கேபிள் போட்டுப் பாருங்கள்.

நாங்கள் செய்த தப்பு

எங்கள் பிரச்சினை இரண்டாவது வகை. "ஆனா சார், கேபிள் மாத்திப் பார்த்தோமே?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "கோயில் திருவிழா சீரியல் செட்டுல இரண்டு பல்பு ஃபியூஸ் ஆயிருக்கு. ஒண்ணை மாத்தினா எரியுமா?"

"எரியாது சார்."

"அதனால நீ மாத்தின பழைய பல்பு நல்ல பல்புன்னு ஆயிடுமா?"

எனக்குப் பொறி தட்டியது. கேபிள் மாற்றியும் வேலை செய்யவில்லை என்றால் பழைய கேபிள் நல்லது என்று அர்த்தம் இல்லை. இன்னொரு இடத்திலும் பழுது இருக்கலாம்! நாங்கள் இரண்டு தடவையும் சொருகியது கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட்டில்தான். அதை யாருமே சோதிக்கவில்லை.

நல்லா வேலை செய்கிற பென் டிரைவ் ஒன்றை அதே போர்ட்டில் போட்டோம். லைட் எரிந்தது; கம்ப்யூட்டரில் வரவில்லை. கேபினைத் திறந்து பார்த்தால், முன்பக்க போர்ட்டிலிருந்து மதர்போர்டுக்கு வரும் கனெக்டரில் ஒரு டேட்டா வயர் கழன்று தொங்கியது.

அடுத்து முதல் கேபிள். அதன் ஒரு முனையைச் சின்ன சாக்கெட் போர்டில் சொருகி, மல்டிமீட்டரைக் கன்டின்யூயிட்டியில் வைத்தோம். 5 வோல்ட்டுக்குப் பீப். கிரவுண்டுக்குப் பீப். டி பிளஸுக்கு மௌனம். டி மைனஸுக்கும் மௌனம். சார்ஜுக்கு மட்டுமான கேபிள்!

ஆக, பழுது இரண்டு. இரண்டுக்கும் அறிகுறி ஒன்றே: கரண்டு உண்டு, டேட்டா இல்லை. டேப்லெட் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இரண்டாவது கேபிளை மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட்டில் சொருகினோம். 'டிங்!' அந்தச் சத்தம் அன்றைக்கு இளையராஜா பாட்டை விட இனிமையாக இருந்தது. லாக்கை எடுத்து 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' கொடுத்தோம். 14 ராத்திரியும் வரிசையாக வந்து நின்றது. உடனே இரண்டு இடத்தில் காப்பி எடுத்தோம்.

நண்பர்களே, நினைவில் வையுங்கள்:

* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என்ன மாற்றினோம், என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள்.

* 'நல்லாத்தான் இருக்கும்' என்பது சோதனை ஆகாது. முதலில் பென் டிரைவால் போர்ட்டைச் சோதியுங்கள். பிறகு டேட்டா போகும் என்று தெரிந்த கேபிளைப் போடுங்கள். டேப்லெட் மேல் சந்தேகம் கடைசியில்.

* டேட்டாவை அழிக்கிற எந்த வேலையையும் முதல் சிகிச்சையாகச் செய்யாதீர்கள். ரீசெட் போட்டாலும் கேபிளில் இல்லாத வயர் முளைக்காது.

* காரணம் தெரியும் முன்னே ஆள் மேல் பழி போடாதீர்கள்.

கடைசிப் பாடம் எனக்கு நானே எழுதிக்கொண்டது. அன்றைக்கு லேபை விட்டு வரும்போது அந்த நண்பனிடம், "ஸாரிடா மாப்ள" என்றேன். "நாலு பேர் முன்னாடி திட்டிட்டு, தனியா ஸாரி சொல்றியே" என்றான். நியாயம்தானே? ஆகவே, நம் பாலிடெக்னிக் முழுவதும் படிக்கும் இந்த மலரில் சொல்கிறேன்: தப்பு டேப்லெட்டில் இல்லை, உன்னிடமும் இல்லை. என்னை மன்னித்துவிடு, நண்பா!

ஜூனியர் தம்பி தங்கைகளே! நம் லேபில் இருந்த கேபிள்கள் அத்தனையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டோம். சார்ஜ் மட்டும் ஏறுகிற கேபிள்களில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறோம். தயவுசெய்து அந்த டேப்பை உரித்துவிடாதீர்கள்.