எஞ்சிய நாட்களைக் கையாளும் விதம்

வைத்தியர்கள் இனிக் குணமாகாதென்று கைவிரித்த பின்னும், மனிதனுக்கு மாதங்களோ, சிலவேளை வருஷங்களோ எஞ்சியிருக்கின்றன என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த யுலிசிஸ் கிராண்ட், செல்வத்தையெல்லாம் இழந்து, தொண்டைப் புற்றுநோயும் பீடித்த நிலையில், குடும்பத்தின் ஜீவனத்துக்காகத் தம் யுத்த நினைவுகளை எழுதி வந்து, குரல் அடங்கிய பின் துண்டுக் காகிதங்களில் எழுதியே பிறரோடு பேசிக்கொண்டு, 1885 ஜூலையில், மரணத்துக்குச் சில தினங்கள் முன்பு அந்நூலை முடித்தார்.

அவரைப்போல் ஒரே காரியத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பத்து ஆசைகளை ஒருங்கே சுமப்பது தேகபலம் உள்ளவர்களுக்கே கஷ்டம். தினத்தில் எந்தப் பொழுதில் களைப்புக் குறைவென்று ஒரு வாரம் குறித்துப் பார்த்து, அப்பொழுதை அந்தக் காரியத்துக்கே ஒதுக்குங்கள். (நலம் விசாரிக்க வருகிறவர்களின் கைவைத்திய யோசனைகளைக் கேட்டு முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும்!) வலி முற்றும்வரை காத்திராமல், வைத்தியர் சொன்ன மணிப்படி மருந்தை உட்கொள்வதே உசிதம். மார்ஃபின் என்ற வலிமருந்தின் பெயருக்கே அஞ்சி மறுப்பவர்கள் வீணே வேதனையில் நாட்களை இழக்கிறார்கள். அம்மருந்தால் வரும் மலச்சிக்கலுக்கும் கூடவே மருந்து கேட்டு வாங்குங்கள். உயிலை இரண்டு சாட்சிகளுடன் முன்னதாகவே எழுதிவிடுங்கள், பதிவு கட்டாயமில்லை.

தமிழ்நாட்டில் படுக்கையோடு இருப்பவர்களுக்கு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிக்கும் சேவை வீட்டுக்கே வருகிறது; அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாமதியாமல் விசாரியுங்கள்.