தேதியை வழக்கு சொல்லட்டும்

கூக்கால்,
பிப்ரவரி.

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. வேறு வக்கீல் ஃபர்மிலிருந்து உனக்கு ஆஃபர் வந்திருப்பதாக அக்கா போனில் சொன்னாள். போவது என்று முடிவு செய்துவிட்டாய், எப்போது என்பதில்தான் தூக்கம் கெடுகிறது என்றாள். ஆறு வருஷம் ஒரே இடத்தில் உழைத்தவள் கிளம்ப நினைப்பதில் தப்பே இல்லை. எப்போது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீ போட்டிருக்கும் கணக்கு எனக்குப் புரிகிறது. நோட்டீஸ் மூன்று மாதம். இப்போதே கொடுத்தால் மே மாதம், ஹைகோர்ட் கோடை விடுமுறையில் வழக்குக் கட்டுகளை ஒப்படைத்துவிட்டு ஜூனில் புது இடத்தில் உட்காரலாம். ஆனால் ஏப்ரல் போனஸ் கைவிட்டுப் போகலாம். போனஸை வாங்கிக்கொண்டு கொடுத்தால் ஜூலை ஆகிவிடும். பணம் சின்ன விஷயமில்லை. நோட்டீஸில் இருப்பவருக்குப் போனஸ் உண்டா என்று உன் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படி. இல்லையென்றால் அந்தத் தொகையைச் சேரும்போது தரும்படி புது ஃபர்மிடம் கூச்சப்படாமல் கேள். முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீல் தொழில் நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் உன்னை ரிட்டெய்னராக வைத்துத்தான் மாதாமாதம் டிடிஎஸ் பிடித்துக் கொடுக்கிறார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி என்று பின்னால் எதுவும் வராது. காகிதத்தில் இருப்பதுதான் உனக்குப் பாதுகாப்பு.

ஆனால் தேதியைப் போனஸும் விடுமுறையும் முடிவு செய்யக் கூடாது. உன் கையில் இருக்கும் அந்தக் கட்டுமான ஆர்பிட்ரேஷன் முடிவு செய்யட்டும். கோரிக்கை மனுவும் பதிலும் போன அக்டோபரில் முடிந்தன என்றாய். ஆர்பிட்ரேஷன் சட்டம் 29ஏ பிரிவுப்படி அதிலிருந்து 12 மாதத்தில் அவார்டு வர வேண்டும். இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் 6 மாதம். சிவில் சூட் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது, இதில் ஓரளவு சொல்லலாம். எதிர்த்தரப்பு இன்ஜினியரின் குறுக்கு விசாரணை ஜூனில் வருகிறது. அவருடைய சைட் டைரிகளையும் அளவு குறிக்கும் எம்-புக்குகளையும் பக்கம் பக்கமாகப் படித்தவள் நீ ஒருத்திதான். அதற்கு முன்னால் நீ கிளம்பினால் கட்சிக்காரர்தான் அடிபடுவார். குறுக்கு விசாரணையை முடித்து, எழுத்து வாதத்தையும் தாக்கல் செய்துவிட்டுக் கிளம்பினால் அந்த வழக்கு உன் பெயரோடு வரும். கொடைக்கானல் முன்சீப் கோர்ட்டில் ஒரு ஜூனியர் சீனியரை மாற்றினால் மத்தியானத்துக்குள் பார் முழுக்கத் தெரிந்துவிடும். சென்னை ஆர்பிட்ரேஷன் வட்டாரமும் அவ்வளவு சிறியதுதான். எப்படி விட்டுவிட்டு வந்தாள் என்று விசாரிப்பார்கள்.

ஆகவே ஜூனில் நோட்டீஸ் கொடுத்து செப்டம்பரில் சேர்கிறேன் என்று சொல்லிப் பார். உன் வேலையை அறிந்து கூப்பிட்டவர்கள் காத்திருப்பார்கள். முடியாது என்றால் ஏதோ ஒரு காலி இடத்தை அவசரமாக நிரப்பப் பார்க்கிறார்கள். அங்கே போகாதே.

வடுகபட்டிச் சந்தையில் விலை ஏறியதென்று கேட்டதும் இங்கே யாரும் பூண்டைப் பிடுங்குவதில்லை. தாள் பழுத்துச் சாய வேண்டும். பச்சையாகப் பிடுங்கியது இருப்பில் சுருங்கிப் போகும். நாள் கடந்தால் மண்ணுக்குள்ளேயே பல் பிரிந்துவிடும்.

நாள் கடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் பார்ட்னர் ஆக்குகிறோம் என்று யாராவது வாய்வார்த்தை சொன்னால் அதை நம்பித் தங்காதே. 1917-இல் தொடங்கிய அமர்சந்த் மங்கல்தாஸே 2015 மே மாதம் இரண்டு சகோதரர்களுக்கிடையே இரண்டு ஃபர்மாகப் பிரிந்தது. எட்டாம் வருஷத்தில் புது இடத்துக்குப் போனால், பார்ட்னர் பட்டியல் போடும்போது உன் வேலை அவர்களுக்குப் பழகியிருக்காது. இரண்டு வருஷமாவது உன்னைப் பார்க்க வேண்டாமா? இந்த வருஷத்துக்குள் மாறுவதுதான் உனக்குச் சரி. அதைத் தாண்டித் தள்ளாதே.

இன்னொன்று. திவால் வழக்கில்தான் இப்போது வேலை குவிகிறது, அந்த டீமில் சேர் என்று கூப்பிட்டால் யோசி. 2016-இல் திவால் சட்டம் வந்ததும் பலர் அந்தப் பக்கம் ஓடினார்கள். 2020 மார்ச் 25 முதல் ஏற்பட்ட கடன் தவறுகளுக்குப் புது மனுவே கிடையாது என்று பிரிவு 10ஏ வந்தது; ஒரு வருஷம் அப்படியே நீண்டது. உனக்குச் சாட்சியை விசாரிக்கத் தெரியும். அது எந்தச் சட்டம் மாறினாலும் சோறு போடும்.

போட்டி ஃபர்மில் சேரக் கூடாதென்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கவலைப்படாதே. ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு முன்னால் அது நிற்காது. ஆனால் ஒரு டிராஃப்டைக்கூட பென் டிரைவில் ஏற்றாதே. கட்சிக்காரரின் ரகசியம் வேலை முடிந்த பிறகும் உன்னைக் கட்டும். யாரையும் உன்னோடு வரச் சொல்லாதே. அவராக வந்தால் வக்காலத்தை முறைப்படி மாற்றட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் புது ஃபர்ம் உன் வழக்கு எதிலாவது எதிர்த்தரப்பில் இருக்கிறதா என்று இன்றே பார். அந்த ஆர்பிட்ரேஷனிலேயே இருந்தால் அவார்டு வரும்வரை பேச்சை நிறுத்திவிடு. இப்போதே உன் பார்ட்னரிடமும் சொல்லிவிடு. பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணு. அதற்குள் அவர்களுக்குப் பதில் எதுவும் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
மாமா