குருவானவரும் களைப்படைவார்



எழுவான்கரையில் காலைப் பூசை, படுவான்கரையில் நோயாளர் சந்திப்பு, பின் பாடசாலைக் கூட்டம், குடும்பத் தகராறு, மாலையில் அடக்கச் சடங்கு. இவை யாவும் ஒரே நாளில் ஒரே குருவின் தோளில் விழுவதுண்டு. குருப்பட்டம் மனித உடலை இரும்பாக்குவதில்லை.

எலியாஸ் இறைவாக்கினரைப் பாருங்கள். எசபேல் அரசிக்கு அஞ்சி ஓடியவர், பாலைவனத்தில் ஒரு செடியின் கீழ் அமர்ந்து, சாவை வேண்டினார் (1 அரசர் 19). இறைவன் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. உறங்கவிட்டார், இருமுறை உணவளித்தார், அதன்பின்னரே பணியைப் பற்றிப் பேசினார். இறுதியில் எலிசேயுவைத் துணையாகத் தந்தார். ஓய்வு, உணவு, துணை: இம்மூன்றுமே இறைவன் தந்த மருந்து.

நமது மண்ணும் இதை அறியும். 1988 ஜூன் 6ஆம் நாள் சந்திரா பெர்னாண்டோ அடிகளார் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஓகஸ்ட் 15ஆம் நாள் இயேசு சபைக் குரு யூஜின் ஹீபர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போனார். அந்நாட்களில் பிள்ளையைத் தேடிய தாய்மார் குருமனைக் கதவையே தட்டினர். 1948இல் இங்கு வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய ஹரி மில்லர் அடிகளாரும் அச்சுமையைத் தனியே சுமக்கவில்லை. சமாதானக் குழுவில் மற்றவர்களோடு சேர்ந்தே காணாமற்போனோரின் விபரங்களைப் பதிவுசெய்தார். பகிர்ந்த சுமையே நெடுந்தூரம் சுமக்கப்படும்.

திருச்சபையும் இதை உணர்ந்துள்ளது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (எண் 533), தியான நாட்கள் நீங்கலாக, ஆண்டுக்கு ஒரு மாதம்வரை பங்குக்குரு விடுமுறை பெற இடமளிக்கிறது. ஆகவே, "சுவாமி ஊரில் இல்லையே" என்று முணுமுணுப்பது முறையன்று.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? மரணத் தறுவாயில் இருப்பவருக்காக நள்ளிரவிலும் தயங்காமல் அழையுங்கள். நாளை பேசக்கூடியதை நாளைக்கு விடுங்கள். கணக்கையும் மண்டப வேலையையும் பொதுநிலையினர் பொறுப்பேற்கலாம். மனுவொன்றும் இல்லாமல் ஒருநாள் அவரை உணவுக்கு அழையுங்கள். உறக்கமின்றி, பேச்சுக் குறைந்து, ஒதுங்கிப்போகிறவரைப் பற்றி வதந்தி பேசாதீர்கள்; வைத்தியரை நாடும்படி அன்புடன் சொல்லுங்கள். மனச்சோர்வு விசுவாசக் குறைவு அன்று.

குடும்பச் செபத்தில் சிந்திக்க:
1. நம் பங்குக்குருவிடம் கடைசியாக எப்போது நலம் விசாரித்தோம்?
2. அவருடைய எந்த வேலையை நாம் ஏற்கலாம்?