நாயின் தாடை தொங்கினால் வாயில் கை விடாதீர்

காவல் நாய் தீனி எடுக்காமல், கீழ்த்தாடை தொங்க எச்சில் வடித்து நின்றால், தொண்டையில் எலும்பு சிக்கியதாக எண்ணி வாய்க்குள் கை விடுவோர் உண்டு. இது பேராபத்து. வெறிநோயில் நாய் சீறிக் கடிக்காமல் சோர்ந்து கிடக்கும் வகையும் உண்டு. அதில் தாடைத் தசைகள் செயலிழப்பதால் இதே தோற்றம் ஏற்படும். எலும்பு சிக்கிய நாய் பெரும்பாலும் முன்னங்காலால் வாயைப் பிறாண்டும். ஆயினும் பார்வையால் மட்டும் பிரித்தறிய இயலாது. எனவே வாயைத் தொடாமல், நாயைத் தனியே அடைத்து, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கைக்கீறலில் எச்சில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக் கொள்ள வேண்டும். நோய்க்குறி தோன்றியபின் மருந்து பலிக்காது. குட்டிக்கு 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது வீட்டாருக்கும் பாதுகாப்பு.