பாரமானி அளவுகளை மாற்றும் முறை

திருவனந்தபுரத்தில் 1837ஆம் ஆண்டு வானாய்வு நிலையம் நிறுவப்பெற்றது. அக்காலத்தில் காற்றழுத்தம் பாதரச அங்குலத்தில் குறிக்கப்பெற்றது. இன்றைய வானிலை அறிக்கைகளோ ஹெக்டோபாஸ்கலில் வெளியாகின்றன. மில்லிபார் என்பதும் இதே அளவே. எனவே, குன்னத்துகால் போன்ற எல்லையூர்ப் பள்ளியில் அங்குலப் பாரமானி இருப்பின், அதன் அளவை மாற்றிய பின்னரே அறிக்கையோடு ஒப்பிடல் வேண்டும்.

திட்ட வாயுமண்டல அழுத்தம் 29.92 அங்குலம், அதாவது 760 மில்லிமீட்டர், அல்லது 1013.25 ஹெக்டோபாஸ்கல். இதிலிருந்து பெறுவன:

1 அங்குலம் = 33.864 ஹெக்டோபாஸ்கல்
1 மில்லிமீட்டர் = 1.3332 ஹெக்டோபாஸ்கல்

எடுத்துக்காட்டு: உயரத் திருத்தம் செய்த அளவு 29.50 அங்குலம் எனக் கொள்வோம். இதனை 33.864ஆல் பெருக்க 999.0 ஹெக்டோபாஸ்கல் கிடைக்கும். சுருக்கம் கருதி 34ஆல் பெருக்கினால் 1003.0 வரும். பிழை 4 ஹெக்டோபாஸ்கல்.

இப்பிழை சிறிதன்று. நம் நாட்டின் தென்பகுதியில் காற்றழுத்தம் காலை 10 மணியளவில் உயர்ந்தும் மாலை 4 மணியளவில் தாழ்ந்தும் நிற்பது இயல்பு. அவ்வேறுபாடே ஏறத்தாழ 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல்தான். அதற்கு மிஞ்சிய வீழ்ச்சி புயலின் அறிகுறியாகலாம். கணக்கில் நேரும் பிழை அவ்வறிகுறியை மறைத்துவிடக்கூடும். ஆகவே பெருக்கியைச் சுருக்காது, இறுதி விடையை மட்டுமே சுருக்குக; அலகின் பெயரையும் தவறாது எழுதுக.

பயிற்சி: 2017 நவம்பர் இறுதியில் குமரிமுனைக்குத் தெற்கே கடந்து சென்ற ஓக்கிப் புயலின் மைய அழுத்தம், பின்னர் அரபிக்கடலில் 976 ஹெக்டோபாஸ்கல் வரை தாழ்ந்ததாக மதிப்பிடப்பெற்றது. இதனை மற்ற இரு அலகுகளிலும் கூறுக.

விடை: 28.82 அங்குலம்; 732 மில்லிமீட்டர்.